எழுத்தில்லாப் புத்தகம்: கம்போங் தோமில் பத்து நாள் பயன்படுத்திய பின்

சட்டைப் பையில் அடங்கிவிடும் இந்தச் சிறு புத்தகத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. பச்சை அட்டையைத் திறந்தால் பொன், கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று நிறங்கள் மட்டும் பக்கம் பக்கமாக வரும். பொன் பரலோகத்தையும், கருப்பு மனிதனின் பாவத்தையும், சிவப்பு இயேசு கிறிஸ்து சிந்திய இரத்தத்தையும், வெள்ளை கழுவப்பட்ட இருதயத்தையும், அட்டையின் பச்சை விசுவாச வாழ்வின் வளர்ச்சியையும் குறிக்கும். கோடை விடுமுறையில் வேதாகமப் பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாளையங்கோட்டையில் ஏழு வயதில் இதற்காகக் கற்றுக்கொண்ட பாட்டும் கைச்சைகையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடந்த ஜனவரியில், சிங்கப்பூரிலுள்ள எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் கம்போடியாவுக்குக் குறுகிய கால மிஷன் பயணம் போனபோது, இதில் 50 பிரதிகளை வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றின் விலை ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கும் (டாலருக்கும்) குறைவு. மொழி தெரியாத நாட்டில், முன்பின் அறியாதவர்களிடம் சுவிசேஷத்தைப் பகிர்வதற்கு இதைவிட ஏற்ற கருவி இல்லை என்று கடையிலும் சொன்னார்கள், பயணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பிலும் சொன்னார்கள். அந்தச் சொல் எந்த அளவுக்குத் தாங்கியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொருள் புதியதன்று. லண்டனில் 1866 ஜனவரி 11 அன்று பாப்டிஸ்ட் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் இதைப் பற்றிப் பிரசங்கித்தார்; அவர் காட்டியவை கருப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று தாள்கள் மட்டுமே. 1875இல் அமெரிக்க நற்செய்தியாளர் டி. எல். மூடி பொன்னைச் சேர்த்தார். பச்சை, சிறுவர் ஊழியம் செய்தவர்கள் 20ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. சீன உள்நாட்டு மிஷனை நிறுவிய ஹட்சன் டெய்லரின் காலத்து மிஷனரிகள் இதைச் சீனாவுக்கு எடுத்துச் சென்றனர். திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல், பொன், கருப்பு, சிவப்பு, வெள்ளை நிறங்களைச் சாட்டின் துணியில் கொடியாகவே தைத்து வைத்துக்கொண்டார். ஸ்பர்ஜன் அன்று எடுத்துக்கொண்ட வசனம் சங்கீதம் 51:7. பனியிலும் வெண்மையாவேன் என்று சொல்லும் அந்த இடத்தை, பனி விழாத நாட்டுக்காகத் தமிழில் பெயர்த்தவர்கள் 'உறைந்த மழையிலும் வெண்மையாவேன்' என்று எழுதினார்கள். சிறுவயதில் அதைக் கேட்கும்போதெல்லாம் ஆலங்கட்டி மழையைத்தான் நினைத்துக்கொள்வேன், ஆனாலும் பொருள் புரிந்துவிடும். பனிக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொண்ட பாடு இந்தப் புத்தகத்தின் நிறங்களுக்கு எடுக்கப்படவில்லை என்பதே இதன் மீது எனக்குள்ள முதன்மையான குறை.

நாங்கள் தங்கிய இடம், புனோம் பென்னுக்கும் சியெம் ரீப்புக்கும் நடுவே, ஆறாம் எண் நெடுஞ்சாலையில் இருக்கும் கம்போங் தோம் நகரத்தின் புறத்தே ஒரு சிறிய சபை வளாகம். பயிற்சி வகுப்பில் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் புத்தகத்தை விரித்து ஆள் நிறுத்துவது எப்படி என்று ஒத்திகை பார்த்திருந்தோம். வந்து இறங்கிய மாலையே உள்ளூர்ப் போதகர் அந்த ஒத்திகையை மறந்துவிடச் சொன்னார். கம்போடியச் சட்டப்படி புத்த சமயம் அல்லாத பிறர் பொதுவெளியில் சமயப் பிரசாரம் செய்யக் கூடாது. வெளியீடுகளை வழிபாட்டு நிலையங்களுக்குள் மட்டுமே வழங்கலாம். பணமோ பொருளோ தந்து ஒருவரை மதம் மாறத் தூண்டுவதும் குற்றம். எழுத்தே இல்லாத புத்தகம் வெளியீட்டில் சேருமா என்று எங்களில் ஒருவர் சட்டம் பேசிப் பார்த்தார். போதகர் சிரித்துவிட்டு, நீங்கள் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணைக்கு நான்தான் போக வேண்டும் என்றார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. விற்பனைக் குறிப்பில் இப்படி ஒரு வரி இல்லாதது பெரிய விடுபடல் என்றே கருதுகிறேன். வெளிநாட்டில் இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அந்த நாட்டின் சட்டத்தை முதலில் விசாரித்துக்கொள்வது, தங்களைவிட உள்ளூர் விசுவாசிகளின் பொருட்டு அவசியம்.

எனவே புத்தகம் வளாகத்துக்குள் மட்டுமே திறக்கப்பட்டது. மாலை ஆங்கில வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்மார், பாட்டிமார், டுக்டுக் என்னும் மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுநர்கள், அக்கம்பக்கத்தார் ஆகியோரே எங்களுக்குக் கிடைத்த அந்நியர்கள். எனக்கு மொழிபெயர்த்தவர் அந்தச் சபையைச் சேர்ந்த, ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் இளம்பெண்.

ஆளை நிறுத்துவதில் புத்தகம் சொன்னபடியே வேலை செய்தது. கைப்பிரதியை நீட்டினால் மரியாதைக்கு வாங்கி மடித்து வைத்துக்கொள்பவர்கள்கூட, எழுத்தில்லாத பக்கங்களைக் கண்டதும் புரட்டாமல் இருக்கவில்லை. பொன் பக்கத்தில் தடையே வரவில்லை. சாலைக்கு அப்பால் தெரிந்த புத்த விகாரத்தின் கூரையை நோக்கிப் பலர் கை நீட்டினார்கள். அது நான் சொல்லவந்த பரலோகம் அன்று என்றாலும், உயர்ந்ததும் பரிசுத்தமானதும் என்ற அளவில் பேச்சைத் தொடங்க அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, எழுபதை நெருங்கிய ஒரு பாட்டியிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அங்கே பாட்டியை 'யேய்' என்று அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பொன்னைப் பார்த்துச் சிரித்தவர், கருப்பைத் திருப்பியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் உடனே பெயர்க்கவில்லை. எனக்கு அதில் 'சமய்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. காலம் என்ற பொருளில் நம்மிடமும் வழங்கும் 'சமயம்'தான் அது. கெமர் ரூஜ் இயக்கத்தின் தலைவர் போல் பொட்டின் சமயம் என்று அவர் சொல்லியிருந்தார். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் 15 முதல் 20 இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டார்கள். ஆட்சியாளர்களின் ஆட்கள் கருப்பு உடுத்தினார்கள். மக்களும் நிறத் துணிகளை விட்டுவிட்டுக் கருப்பே உடுத்த வேண்டியிருந்தது. கெமர் ரூஜ் என்றால் சிவப்பு கெமர் என்று பொருள்; கெமர் என்பது அந்நாட்டுப் பெரும்பான்மை மக்களின் பெயர், அவர்கள் மொழியின் பெயரும் அதுவே. என் புத்தகத்தில் கருப்புக்கு அடுத்த பக்கம் சிவப்பு. மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கத்தின்படி, அந்த இடத்தில் குரலை உயர்த்தி மகிழ்ச்சியோடு நற்செய்தி சொல்ல வேண்டும். கருப்பும் சிவப்பும் சேர்ந்துதான் வந்தன என்று பாட்டி சொன்னபோது, அந்த விளக்கத்தில் ஒரு வரியைக்கூட எடுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

வெள்ளையை அவரே திருப்பினார். அது என்ன என்று கேட்டார். கழுவப்பட்ட இருதயம் என்று சொன்னோம். அப்படிச் செய்தவர்களின் இருதயமும் இப்படி ஆகுமா என்று கேட்டார். அது பொதுவான கேள்வி அன்று என்பதைப் பிறகு மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். 12,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கக் காரணமான துவோல் ஸ்லெங் சிறையின் தலைவர் துய்ச், 1996இல் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானவர். 1999இல் அடையாளம் காணப்பட்டு, 2012இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஆயுள் தண்டனை பெற்று, 2020இல் இறந்தார். அந்த நாட்டில் மன்னிப்பைப் பற்றிப் பேச வரும் கிறிஸ்தவர் யாராயினும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். எனக்கு ஒரு பதில் உண்டு, அதை நான் விசுவாசிக்கவும் செய்கிறேன். ஆனால் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி அந்தப் பாட்டியிடம் சொல்லக்கூடியதாக அது இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவர் தன் இரு அண்ணன்மாரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேரன் வந்ததும் எழுந்து போய்விட்டார். மறுநாளும் வந்து, எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். புத்தகத்தை நான் வெளியே எடுக்கவில்லை.

கருப்பு பாவத்தைக் குறிக்கிறது என்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. தோல் நிறத்தால் இழிவுபட்டவர்கள் முன் அந்தப் பக்கத்தைத் திறப்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது நிறம் கருத்த பிள்ளையாக வளர்ந்த எனக்குத் தெரியாததன்று. இப்போது பல வெளியீட்டாளர்கள் அதை 'இருண்ட பக்கம்' என்று மாற்றி அழைக்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, தாள் அதே தாள்தான்.

வெள்ளையைப் பற்றி வேறு மாதிரியான அனுபவமும் கிடைத்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு டுக்டுக் ஓட்டுநர் அந்தப் பக்கத்தைக் கண்டதும், யார் இறந்தது என்று கேட்டார். கம்போடியாவில் துக்க வீட்டார் வெள்ளை உடுத்துவார்கள். தலை மழித்துக்கொள்வதும் உண்டு. நம் பாட்டிமாரின் வெள்ளைப் புடவையை நினைத்துக்கொண்டால் இது நமக்கு விளங்காத செய்தி அன்று, ஆனால் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு தமிழரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதற்குள் நான் ஒரு பாடம் கற்றிருந்தேன். விளக்கம் சொல்லாமல், வெள்ளை வேறு எதற்கு என்று அவரிடமே கேட்டேன். புத்த சமயத்தார் நோன்பிருக்கும் சீல நாட்களில் தன் தாய் வெள்ளை மேலாடை அணிந்துதான் விகாரத்துக்குப் போவார் என்றார். ஏன் வெள்ளை என்றேன். அன்று மனம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். மறுநாள் என்ன ஆகும் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். அங்கிருந்து தொடங்கிய உரையாடல் முக்கால் மணி நேரம் நீண்டது. அந்தப் பத்து நாளில் நான் உண்மையாகவே சுவிசேஷத்தைச் சொன்னது அப்போதுதான் என்று சொல்வேன். கருவி பயன்பட்டது, ஆனால் உறையில் அச்சிட்டிருந்த முறைக்கு நேர்மாறாகப் பயன்பட்டது: நிறத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியவர் அவர், கேட்க வேண்டியவன் நான்.

பச்சையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நெல் விளையும் ஊர், எல்லாருக்கும் புரிந்தது.

எழுத்தில்லாப் புத்தகம் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்துதான் இல்லையே தவிர, சொல் இல்லாமல் இது ஓர் அடிகூட நகராது. கெமர் எழுத்துகள் பல்லவர் எழுத்தின் வழி வந்தவை என்பதால் பெயர்ப்பலகைகளில் ஏதோ தெரிந்த முகம்போல ஒரு சாயல் தெரிகிறது. சமயச் சொற்களோ இன்னும் நெருங்கியவை. பாவத்துக்கு 'பாப்', புண்ணியத்துக்கு 'புன்', வினைக்கு 'கம்', நரகத்துக்கு 'நொரொக்'. எல்லாம் பாலி, சமஸ்கிருதம் வழியாக அங்கும் இங்கும் வந்து சேர்ந்தவை. இதைக் கேட்டு முதல் நாள் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அதிக நாள் நிலைக்கவில்லை. அந்தச் சொற்கள் ஏற்கெனவே ஒரு கணக்கேட்டில் வரவும் செலவுமாக உட்கார்ந்திருக்கின்றன. 'பாப்' மிகுந்தால் 'புன்' செய்து ஈடுகட்ட வேண்டும். என் பாபத்தை இன்னொருவர் எப்படிச் சுமக்க முடியும் என்று அதே ஓட்டுநர் கேட்டபோது, தன் வினை தன்னைச் சுடும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லிவரும் மறுப்பைத்தான் கேட்டேன். அதற்குச் சிவப்புத் தாள் விடை சொல்லாது. இயேசு யார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எதற்காகக் கொல்லப்பட்டார், மூன்றாம் நாளில் என்ன நடந்தது என்று கதையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இதில் இன்னொன்றையும் கவனித்தேன். இந்தப் புத்தகத்தில் கிறிஸ்து இரத்தமாக மட்டுமே வருகிறார். அவருடைய வாழ்வுக்கும் போதனைக்கும் பக்கம் இல்லை. உயிர்த்தெழுதலோ சிவப்புப் பக்கத்தின் விளக்கத்தில் ஒரு வரியாகத்தான் வந்து போகிறது. சுவிசேஷத்தைச் சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு.

கம்போடியாவில் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் 1923இல் வந்து குடியேறினார்கள். முழு வேதாகமம் கெமர் மொழியில் வெளிவந்தது 1954இல். சரியான சொல்லுக்காகத் தலைமுறைக் கணக்கில் உழைத்த ஊருக்குச் சொல்லே தேவையில்லை என்ற நம்பிக்கையோடு பத்து நாள் விசாவில் போய் இறங்கியதை நினைக்க இப்போது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதே நிறங்களில் மணி கோத்த கைக்கயிறும் கிடைக்கிறது. எங்கள் வாலிபர் கூட்டம் உட்கார்ந்து முப்பது கோத்துக் கொடுத்திருந்தது. பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலருடைய மணிக்கட்டில் பிக்குகள் ஆசீர்வதித்துக் கட்டிய சிவப்புக் கயிறு ஏற்கெனவே இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டில் எதற்குச் சக்தி அதிகம் என்று ஒரு தாய் அக்கறையோடு வந்து கேட்டார். திருஷ்டிக்குக் கருப்புக் கயிறு கட்டும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். கேள்வியின் பொருள் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மீதிக் கயிறுகளை அன்றே பையில் போட்டுக் கட்டிவிட்டோம். பெற்றோர் அருகில் இல்லாத பிள்ளைகளிடம் புத்தகத்தையும் திறப்பதில்லை என்று போதகரோடு பேசி முடிவு செய்தோம். சிறுவர் ஊழியத்துக்கென்றே விற்கப்படும் பொருள் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நமக்குத் தெரியாமல் ஒருவர் சமயம் சொல்லிக்கொடுத்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

தயாரிப்பின் தரம் சுமார். வியர்த்த விரல் பட்டதும் பொன் தாளின் மினுக்கு உரியத் தொடங்கியது, தாள்களைப் பிணைத்த ஊசி துருப்பிடித்தது, பத்துப் பதினைந்து பிரதிகளில் சிவப்பு மை அடுத்த வெள்ளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. வெண்மையாக்க வேண்டியதே கறைப்படுத்திவிட்டது என்று எங்கள் குழுவில் மூத்தவர் சொல்லிச் சிரித்தார். துணியில் தைத்த பதிப்பு விலை கூடுதலானாலும் ஈரத்தைத் தாங்கும் என்பதால் அதையே பரிந்துரைப்பேன், அதுவும் ஒன்றோ இரண்டோ போதும். இது கொடுத்துவிட்டு வருவதற்கான பொருள் அன்று, உடன் உட்கார்ந்து புரட்டுவதற்கான பொருள்; ஐம்பது வாங்கியது என் தவறு.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். மூன்றும், ஓர் அந்நியரைத் தயக்கமின்றிப் பக்கத்தில் உட்கார வைப்பதற்காக. உள்ளூர் மொழி அறிந்தவர் துணைக்கு இல்லாமல் போகும் குழுக்கள் இதை வாங்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு, மொழிபெயர்த்த பெண் ஞாயிறு பள்ளிக்கென்று தானே தைத்துக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினார். முதல் துணி பச்சை, தேவன் உண்டாக்கிய தோட்டம் அது. அடுத்தது செம்மண் கலந்த பழுப்பு, வெள்ளக் காலத்தில் தொன்லே சாப் ஏரியின் நீர் அப்படித்தான் இருக்குமாம். பிறகு சிவப்பு, அதற்கடுத்து நீலம், கடைசியில் பொன். எல்லா நிறமும் வைத்த உங்கள் புத்தகத்தில் தண்ணீருக்கு நிறம் வைக்காமல் எதைக்கொண்டு கழுவுகிறீர்கள் என்று கேட்டார். கருப்புத் துணி அதில் இல்லை. எனக்கும் ஒன்று தைத்துத் தரச் சொல்லி, துணிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பள்ளி விடுமுறை விட்டதும் தைத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.